பெரியப்பாவின் அட்டைப்பெட்டியும் ஆபிங்டன் நகரமும்

ஈப்போவில் பெரியப்பா வீட்டுக்குப் போனால் வாசலில் முதலில் கண்ணில் படுவது கோலம் அல்ல, ஒரு மைலோ அட்டைப்பெட்டி. பிரித்து விரித்துப் போட்டிருப்பார். அதன் மேல் நிற்பது 1958ஆம் ஆண்டு எம்.ஜி.ஏ. காடி. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காடி. காலையில் அட்டையை இழுத்துப் பார்த்தால் நடுவில் கறுப்பு வட்டம் இருக்கும். பெரியப்பா அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பார். டாக்டர் வீட்டில் பிரஷர் குறித்து வைப்பதைப் போல.

“வீட்டுல கூரையும் ஒழுகுது, காடியும் ஒழுகுது. கூரையை மட்டும் யாரும் பார்க்க மாட்டேங்கிறாங்க” என்பது பெரியம்மாவின் நிரந்தர வசனம்.

பெரியப்பா சாதாரண ஆள் இல்லை. நாற்பது ஆண்டுகள் போர்மேன் வேலை பார்த்தவர். லோரி எஞ்சினைச் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் சரியில்லை என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரை ஒரு சின்ன எண்ணெய்க் கசிவு மூன்று ஆண்டுகளாகத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. முதல் தடவை தாமே எஞ்சினைப் பிரித்து, புது கேஸ்கட் எல்லாம் போட்டுப் பூட்டினார். ஒரு வாரத்தில் மறுபடியும் சொட்டியது. இரண்டாவது தடவை முதுகுவலி காரணமாக வெளியே ஒரு பட்டறையில் கொடுத்தார். அவர்கள் பூட்டித் தந்து ஆறே வாரத்தில் எண்ணெய் அழுத்த முள் சரிந்தது. பாதி வழியிலேயே காடியை நிறுத்திவிட்டார். அதோடு அதைத் தொடவில்லை.

“என் கை போயிடுச்சும்மா” என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். கோலாலம்பூர்க்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் கொடுத்துவிடுவது என்று குடும்பத்தில் பேச்சு முடிந்திருந்தது.

அந்தக் காடி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் என் தாத்தா பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். காடி அந்தத் தோட்டத்துத் துரையுடையது. அது வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் செம்மண் சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கி நிற்பார்களாம். அப்படி ஒதுங்கி நின்ற பிள்ளைகளில் ஒருவர்தான் பெரியப்பா. துரை ஊருக்குப் போன பிறகு காடி கை மாறி, கடைசியில் ஒரு கொட்டகையில் கோழிகளுக்கு வீடாகிவிட்டது. 1983இல் பெரியப்பா தவணைக் காசு கட்டி அதை வாங்கி, ஒவ்வொரு ஆணியாகச் சேர்த்து ஓட வைத்தார். அதை விற்பது என்பது அவருக்கு வெறும் காடியை விற்பது இல்லை. எங்கள் எல்லோருக்குமே அது தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசத்தான் இல்லை.

கடந்த மே மாதம் ஒரு வாரப் பயிற்சிக்காக நான் லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. ஒலிப்பதிவு பற்றிய பயிற்சி. புறப்படும் முன் பெரியப்பாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். சாக்லேட் என்பார், ஸ்வெட்டர் என்பார் என நினைத்தேன்.

“ஆபிங்டன்னு ஒரு ஊரு. அங்கதான் இந்தக் காடியைச் செஞ்சாங்க. முடிஞ்சா போய், ஏன் ஒழுகுதுன்னு மட்டும் கேட்டுட்டு வா.”

ஸ்வெட்டர் வாங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

ஆற்றங்கரையில் ஓர் அமைதியான ஊர்

பயிற்சி முடிந்து கையில் ஒரு முழுநாள் இருந்தது. பேடிங்டன் நிலையத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆபிங்டனுக்கு ரயில் கிடையாது. 1963இலேயே பயணிகள் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பஸ்ஸில்தான் போக வேண்டும்.

பஸ் ஏறும் முன் லாங்வால் தெருவுக்கு நடந்து போனேன். வில்லியம் மோரிஸ் என்பவர் வைத்திருந்த கராஜ் கட்டடம் இன்னமும் அங்கே நிற்கிறது. சைக்கிள் பழுதுபார்ப்பதில் தொடங்கியவர் அவர். நம் ஊர்களில் ஆசிரியர்களும் தாதியரும் கிராணிமார்களும் ஓட்டிய மோரிஸ் மைனர் அவருடைய நிறுவனத்துக் காடிதான். அவருடைய விற்பனைக் கடையான மோரிஸ் கராஜஸுக்கு 1922இல் மேலாளராக வந்தவர் செசில் கிம்பர். சாதாரண மோரிஸ் காடிகளுக்கு அழகான உடலைப் பூட்டி விற்கத் தொடங்கினார். மோரிஸ் கராஜஸ் என்பதன் முதலெழுத்துகள்தான் எம்.ஜி. வியாபாரம் பெருகி, 1929இல் ஆபிங்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஸ்போர்ட்ஸ் காடி என்றால் இந்த ஊர்தான்.

ஆபிங்டன் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. லண்டனில் கலங்கிப் பரந்து ஓடும் அதே ஆறு இங்கே கோலகங்சாரில் பேராக் ஆறு ஓடுவதைப் போல நிதானமாக ஓடுகிறது. ஊர் நடுவில் கவுண்டி ஹால். 1678இல் கட்டத் தொடங்கிய கல் கட்டடம். கீழே வளைவுகளுடன் திறந்த மண்டபம், மேலே அருங்காட்சியகம். அரச குடும்பத்தில் விசேஷம் என்றால் நகராட்சி உறுப்பினர்கள் இதன் மொட்டை மாடியில் ஏறி, கீழே கூடியிருக்கும் மக்கள் மீது பன் ரொட்டிகளை வீசுவது இந்த ஊர் வழக்கம். அப்படி வீசிய பழைய பன்களைப் பாதுகாத்தும் வைத்திருக்கிறார்கள். பத்துமலையில் தேங்காய் உடைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது பெரிய ஆச்சரியமாகப்படவில்லை.

மாடிக்கு ஏறியதும்தான் நின்றுவிட்டேன். அந்தப் பழைய மண்டபத்துக்குள், மரத்தரை மேல், ஒரு முழு எம்.ஜி.பி. காடி நிற்கிறது. 1980இல் இங்கிருந்து கடைசியாக வெளிவந்தவற்றில் ஒன்று. 1979 செப்டம்பரில் தொழிற்சாலையை மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் மூடிவிட்டார்கள். பெரியப்பாவின் எம்.ஜி.ஏ. வகையில் மட்டும் 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பகுதி கப்பலேறிப் போனது. உள்ளூரில் விற்றது சில ஆயிரம்தான்.

காடியின் அடியில் குனிந்து பார்த்தேன். காவலர் என்னைப் பார்த்தார். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. எண்ணெய் ஊற்றாமல் வைத்திருந்தால் எந்தக் காடிதான் ஒழுகும்!

தொழிற்சாலை இருந்த பக்கமும் நடந்தேன். இன்று அங்கே அலுவலகங்களும் வீடுகளும். கல்லறைச் சாலை என்று பெயர் கொண்ட தெருவில் எம்.ஜி. கார் கிளப்பின் தலைமையகம் இருக்கிறது. கிம்பர் ஹவுஸ் என்று பெயர். கிம்பர் 1941இல் வேலையை விட்டு அனுப்பப்பட்டு, 1945இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தருகே நடந்த ரயில் விபத்தில் இறந்துபோனவர். அவர் பெயரைத் தாங்கிய கட்டடத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். “கேட்டியா?” என்று மட்டும் பதில் வந்தது.

சீலே இல்லாத எஞ்சின்

கேட்க ஓர் ஆள் வேண்டுமே. எங்கள் நிகழ்ச்சி நேயர் ஒருவருடைய மகன் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கிறார். அவர் விசாரித்து, ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கும் முதியவரிடம் நேரம் வாங்கித் தந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மேசை மேல் சுத்தமாகக் கழுவி வைத்த ஓர் எம்.ஜி.ஏ. எஞ்சின், தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. இப்படி ஓர் அதிர்ஷ்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் வானொலிக்காரி. கேள்வி கேட்பது என் தொழில். ஆனால் எஞ்சினைப் பற்றிக் கேட்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். “பின்பக்கத்து எண்ணெய் சீல் ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது?”

அவர் சிரித்துவிட்டார். “எந்த சீல்?”

பிறகு என் விரலைப் பிடித்து கிராங்க் ஷாப்டின் பின்முனையில் வைத்தார். இரும்புத் தண்டின் மேல் திருகாணி மரை போல ஒரு பள்ளம் சுற்றிச் சுற்றி ஓடியது. அவ்வளவுதான். ரப்பர் வளையம் எதுவும் இல்லை. எஞ்சின் சுழலும்போது அந்த மரையும் சேர்ந்து சுழன்று, பின்னால் வரும் எண்ணெயை மறுபடியும் உள்ளேயே தள்ளிவிடும். தேங்காய் திருகும்போது பூ ஒரே பக்கமாக வந்து விழுகிறதே, அதுபோல. மரைக்கும் அதைச் சூழ்ந்த துவாரத்துக்கும் நடுவே மெல்லிய தாள் அளவுக்கு இடைவெளி. ஒன்றோடொன்று உரசக்கூடாது, அதிகம் விலகவும் கூடாது.

“அப்படியானால் எஞ்சினை நிறுத்தியதும்?”

“நிறுத்தியதும் மரையும் நின்றுவிடும். அங்கே மிச்சம் இருக்கும் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு கீழே போகும்.”

கீழே எங்கே போகும் என்பதையும் காட்டினார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூட்டின் அடியில் ஒரு துளை. அந்தத் துளையில் ஒரு பிளவு ஆணி தளர்வாகத் தொங்கும். காடி ஓடும்போது ஆணி ஆடி ஆடி, துளை அழுக்கில் அடைத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும். அதாவது, எண்ணெய் இங்கே சொட்டும் என்று தெரிந்தே, அது வெளியேற ஒரு வழியையும், அந்த வழியைச் சுத்தம் செய்ய ஓர் ஆணியையும் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

எனக்குப் பெரியப்பாவின் அட்டைகள் நினைவுக்கு வந்தன. மூன்று ஆண்டுகளாக இல்லாத ஒரு சீலைத் தேடி அவர் தம் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆனால் உங்கள் பெரியப்பா சொல்வது மூன்று சொட்டு இல்லையே?” என்றார் முதியவர். காலையில் தேநீர்த் தட்டு அளவுக்கு வட்டம் என்றேன். “அப்படியென்றால் வேறு இடத்திலிருந்தும் வருகிறது” என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். அடுத்த இரண்டு மணி நேரம் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒழுகும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு

அவர் சொன்னதில் முதலானது இதுதான். எண்ணெய் சொட்டும் இடத்தை நம்பாதே. எஞ்சினின் மேல் மூடியில் கசிந்த எண்ணெய் பின்பக்கமாக வழிந்து, கூட்டுக்குள் இறங்கி, அதே துளை வழியாகத்தான் சொட்டும். பார்ப்பவர் பின் சீல் போய்விட்டது என்று எஞ்சினையே இறக்கிவிடுவார். ஆகவே முதலில் எஞ்சினை நன்றாகக் கழுவிக் காய வைக்க வேண்டும். பிறகு சந்தேகமுள்ள இடங்களில் எல்லாம் முகப்பவுடர் தூவி, கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் ஓட்டை.

இரண்டாவது, மூச்சு. எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியே போக இந்த எஞ்சினின் பக்கவாட்டு மூடியிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கி இறங்குகிறது. அந்தக் குழாய் அழுக்கில் அடைத்துக்கொண்டாலோ நசுங்கிப்போனாலோ, உள்ளே அழுத்தம் கூடி, எந்தச் சந்து கிடைத்தாலும் எண்ணெயை வெளியே தள்ளும். நீங்கள் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் பலன் இல்லை. மூச்சுமுட்டும் ஆளின் வாயைப் பொத்துவது மாதிரிதான்.

மூன்றாவது, இறுக்கம். பழைய எஞ்சின்களின் மூடிகள் மெல்லிய தகடு. அடியில் இருப்பது தக்கை கேஸ்கட். ஒழுகுகிறதே என்று ஸ்பானரால் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று இறுக்கினால் தகடு வளைந்துவிடும். பக்கவாட்டில் உள்ள இரண்டு மூடிகளும் நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்பவை. அதை இறுக்க இறுக்க ஓரம் தூக்கிக்கொள்ளும். முதலில் தகட்டைச் சமமான இடத்தில் வைத்துத் தட்டி நேராக்கு, பிறகு மென்மையாக இறுக்கு என்றார்.

அடுத்து எண்ணெய்த் தட்டு. சம்ப் என்பார்களே, அது. அதன் இரு முனைகளிலும் தக்கைத் துண்டுகள் பேரிங் மூடியின் பள்ளத்தில் உட்காரும். புதுத் துண்டு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அதிகமாக இருக்கிறதே என்று சமமாக வெட்டிவிடுவதுதான் நிறைய பேர் செய்யும் தவறு. அது மேலே சற்றுத் துருத்திக்கொண்டு நின்றால்தான், தட்டு ஏறும்போது நசுங்கி மூலையை அடைக்கும். முன்பக்கத்தில் சங்கிலி மூடி. அதை மாட்டும்போது போல்ட்டுகளை உடனே இறுக்கக்கூடாது. கிராங்க் புல்லியைச் செருகி, மூடியின் துவாரம் அதன் நடுவில் சரியாக வந்த பிறகுதான் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் எந்த வளையமும் தாக்குப்பிடிக்காது.

கடைசியாக என்னிடம் ஒன்று கேட்டார். “அந்தப் பட்டறையில் சிலிக்கோன் பசை போட்டார்களா?”

எனக்குத் தெரியவில்லை. “திறக்கும்போது எண்ணெய் உறிஞ்சும் வலையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்” என்றார்.

மின்பின்னல் போல ரப்பரைப் பற்றியும் ஒரு பேச்சு வந்தது. என் தாத்தா பால்மரம் சீவியவர் என்று சொன்னேன். அதற்கு அவர் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. மரத்துப் பாலில் செய்த ரப்பர் டயருக்கு அருமையானது, எஞ்சின் எண்ணெய்க்கு ஆகாது. எண்ணெயில் ஊறினால் உப்பிப்போய்விடும். அதனால் எண்ணெய் சீல்களுக்கு நைட்ரைல் எனும் செயற்கை ரப்பர்தான். எம்.ஜி.பி.யில் 1964ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எஞ்சினை மாற்றியபோதுதான் பின்முனைக்கு ரப்பர் சீல் வந்தது. பழைய எஞ்சினில் அப்படி ஒரு சீலைப் பொருத்தும் உபரிப் பொருள்களும் இப்போது கிடைக்கின்றன. “வேண்டுமானால் போடலாம். முதலில் மற்ற நான்கையும் சரிசெய்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது” என்றார்.

அவர் எழுதித் தந்த பட்டியலின்படி ஒரு கேஸ்கட் செட் வாங்கிக்கொண்டேன். அரை கிலோ கூட இல்லை. விமானத்தில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஈப்போவில் பதினோரு ஞாயிறுகள்

பெரியப்பாவிடம் என் குறிப்பேட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சீலே இல்லை என்ற இடம் வந்ததும் நிறுத்தி, மறுபடி படித்தார். “மொத தடவை பிரிச்சப்பவே அந்த மரையைப் பார்த்தேன். யாரோ சீலைக் கழட்டிட்டு மறுபடி போடாம விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை செயின் பிளாக்கைத் தேடிக்கொண்டிருந்தார் என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னார்.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஈப்போவுக்குப் போகத் தொடங்கினேன். என் வேலை டார்ச் லைட் பிடிப்பது, குறிப்பேட்டைப் படிப்பது, தே தாரிக் கலக்குவது. எஞ்சினை இறக்கிச் சம்பைக் கழற்றியதும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். எண்ணெய் உறிஞ்சும் வலையின் மேல் நூடுல்ஸ் துண்டுகள் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சிலிக்கோன். ஓரங்களில் அளவுக்கு மேல் பிதுக்கி வைத்திருந்ததில், உள்பக்கம் வழிந்தது உதிர்ந்து, போய் வலையை அடைத்திருக்கிறது. அழுத்த முள் சரிந்ததற்குக் காரணம் அதுதான். எண்ணெய் கிடைக்காமல் பேரிங்குகள் கீறல் விழுந்திருந்தன. கசிவை அடைக்கப் போய் எஞ்சினின் தொண்டையை அடைத்துவிட்டார்கள்.

பெரியப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். வலையைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லவேளை, அன்னிக்கு உடனே நிறுத்திட்டேன்” என்றார். பாதி வழியில் முள்ளைப் பார்த்து நிறுத்தியதும் அவருடைய கைதான். அதை அவரே சொல்லிக்கொண்டது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கிராங்க்கைச் சாணை பிடிக்கக் கொடுத்துப் புது பேரிங் போட்டார். பேரிங் தேய்ந்தால் தண்டு இறங்கி, பின்னால் இருக்கும் அந்தத் தாளளவு இடைவெளியும் ஒரு பக்கம் கூடிவிடும். எனவே அதையும் அளந்து பார்த்தார். பக்கவாட்டு மூடிகள் இரண்டும் வளைந்திருந்தன. யார் இறுக்கியது என்று நான் கேட்கவில்லை. “மொத தடவை நான்தான்” என்று அவராகவே சொன்னார். மூச்சுக் குழாயைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தியபோது, கெட்டியான கறுப்புச் சேறு வந்தது. சம்பின் தக்கைத் துண்டைப் பழக்க தோஷத்தில் வெட்டப் போனார். “பெரியப்பா, வெட்டாதீங்க!” என்று கத்தினேன். நாற்பது ஆண்டு போர்மேனுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

அவர் கை கொஞ்சம் நடுங்கியது உண்மைதான். வாஷரை நேராக வைக்க இரண்டு மூன்று முறை ஆனது. ஆனால் எவ்வளவு இறுக்கினால் போதும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. என்னை ஒருமுறை முயலச் சொன்னார். நான் இறுக்கியதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாதிச் சுற்று தளர்த்தினார்.

பதினோராவது ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓடியது. முள் நிமிர்ந்து நின்றது. அன்றிரவு புதிய அட்டை விரித்தோம். காலையில் நான் எழும்போதே அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அட்டையில் நான்கு சொட்டு. அடுத்த வாரம் மூன்று.

“எடுத்துட்டு போய் அந்தக் கோலாலம்பூர்க்காரருக்குக் காட்டலாமா?” என்று என் அண்ணன் கேட்டான். பெரியப்பா பதில் சொல்லாமல் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கோலகங்சாருக்கு ஒரு பயணம்

தீபாவளிக்கு முந்தின வாரம், நெடுஞ்சாலையைத் தவிர்த்துப் பழைய சாலையில் ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போனோம். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கூரையை மடித்துவிட்டோம். சுங்கை சிப்புட்டைத் தாண்டும்போது பெரியப்பா வேகத்தைக் குறைத்தார். தாத்தா வேலை செய்த தோட்டம் இருந்த பக்கம் இப்போது செம்பனை. சாலையோரத்தில் பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள் நின்று காடியைப் பார்த்தார்கள். பெரியப்பா ஹாரன் அடித்துக் கையசைத்தார். அவர்கள் குதித்துக் கையாட்டினார்கள். அதன் பிறகு கொஞ்ச தூரம் அவர் பேசவில்லை.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில், மலாயாவில் 1877இல் நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று, வேலிக்குள் இன்னும் மரமாக நிற்கிறது. அதன் எதிரே காடியை நிறுத்தினோம். இந்த மரத்தின் வாரிசுகளைச் சீவித்தான் எங்கள் குடும்பம் பிழைத்தது. அந்தப் பால்தான் கப்பலேறிப் போய், வெள்ளைக்காரன் செய்த காடிகளுக்கு டயராகத் திரும்பி வந்தது. பெரியப்பா மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “உங்க தாத்தா இதுல உட்கார்ந்ததே இல்ல” என்றார்.

ஆபிங்டனுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகும் எல்லோரும் கல்லூரிகளைப் பார்த்துவிட்டு லண்டன் திரும்பிவிடுகிறார்கள். ஒரு மதியத்தை ஒதுக்கி இந்த ஊருக்கும் பஸ் ஏறுங்கள். கவுண்டி ஹாலைப் பாருங்கள், ஆற்றங்கரையில் நடங்கள், அகலம் நீளத்தைவிட அதிகமான செயின்ட் ஹெலன் தேவாலயத்துக்குள் ஒரு நிமிடம் உட்காருங்கள். வீட்டில் பழைய காடி வைத்திருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், புறப்படும் முன் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கோலகங்சாரில் அரை மணி நேரம் நின்றோம். புறப்படும்போது நான் குனிந்து தரையைப் பார்த்தேன். ஒரே ஒரு சொட்டு, மரத்தின் நிழலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

“இருக்கட்டும்மா” என்றார் பெரியப்பா. “எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்.”